போக விடுதல்

உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவதற்கு முன் மருத்துவமனைகள் குடும்பத்தாரிடம் கொடுக்கும் கையேடு அது. ஆங்கில மூலத்தின் கடைசிப் பக்கத்தில் 'லெட் கோ' என்ற இரு சொற்கள் இருந்தன. ஒஸ்லோவில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் மேசையைச் சுற்றி நாங்கள் நால்வர் ஒரு முற்பகல் முழுதும் அவற்றோடு உட்கார்ந்திருந்தோம். நோர்வேக்காரரான பொறுப்பாளர் 'யி ஸ்லிப்' என்றார், பிடியைத் தளர்த்துவது. ஜெர்மன்காரருக்கு 'லோஸ்லாசன்' என்ற ஒரே சொல் போதுமாக இருந்தது. அதிலும் கைதான் அவிழ்கிறது. எனக்கோ கைதான் சிக்கல். தமிழில் கையை விட்டால் அது கைவிடுவதாகிவிடும்.

நான்காமவள் என் போலந்துத் தோழி. மூளையில் இரத்தம் கசிந்து அவளுடைய கணவர் அந்த வாரம்தான் நினைவிழந்திருந்தார். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பொறுப்பாளர் மெதுவாகச் சொன்னார். அவள் சம்மதிக்கவில்லை.

"எங்கள் மொழியில் 'போக அனுமதிப்பது' என்றுதான் சொல்வோம்," என்றாள் கடைசியில். "அனுமதி கொடுப்பதற்கு முன் யாராவது அதைக் கேட்க வேண்டுமே. அவர் என்னிடம் கேட்கவில்லை."

அன்று மாலை வீடு திரும்பும் ஹவுகெட்டோ ரயிலிலிருந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கும் இப்படித்தான் கருவியை நிறுத்தினார்கள். அந்த நேரம் அம்மா அவர் காதருகே குனிந்து சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"அம்மா, அண்டைக்கு அப்பாவிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"அவர் வேலைக்குப் போகேக்க சொல்லுறதைத்தான் சொன்னனான், பிள்ளை. போட்டு வாங்கோ எண்டு. வேற என்னத்தைச் சொல்ல ஏலும்?"

போய்விட்டு வாருங்கள் என்று, திரும்பி வரச் சொல்லித்தான் நாங்கள் வழியனுப்புவோம் என்பதை மறுநாள் தோழிக்கு நோர்வீஜிய மொழியில் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்," என்றாள்.

அவளுக்கு ஒஸ்லோவில் வேறு உறவில்லை. கருவியை நிறுத்த மருத்துவர்கள் நாள் குறித்தபோது என்னைத் தன்னுடன் வரச்சொன்னாள். கருவி நின்ற பிறகும் அவள் கணவர் சற்று நேரம் தானாக மூச்சுவிட்டார். அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அவள் போலிஷ் மொழியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே வந்த பின்புதான் அதன் பொருளை எனக்குச் சொன்னாள்: "நீ போ. நான் பிறகு வருகிறேன்."

அந்தக் கையேடு இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் நான் 'விடைகொடுத்தல்' என்று எழுதினேன். போலிஷ் பக்கத்தில் அவள் அனுமதி என்ற சொல்லையே தவிர்த்துவிட்டாள். அங்கே, 'அவர் போகும்வரை கையைப் பிடித்திருங்கள்' என்று இருக்கிறது. மூலத்துக்கு நேர் எதிர். பொறுப்பாளர் அதன் பொருளைக் கேட்டறிந்தார். பிறகு எதையும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினார்.