பத்தொன்பது பேருக்கு ஒரே அனுபவம்

நாற்காலியில் உட்கார்ந்ததும் மானாங் மிண்டாவின் முகம் மாறிவிடும். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை சமையலறையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, எதிரே நிற்கும் பெண்ணை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளப்பார்.

"வயசானவங்களை இதுக்கு முன்னாடி கவனிச்சிருக்கியா?"

"கவனிச்சிருக்கேன், மேடம்."

"படுத்த படுக்கையா இருக்கிறவங்களை?"

"கவனிச்சிருக்கேன், மேடம்."

"விடியக்காலையில கூப்பிட்டா எழுந்திரிப்பியா, இல்ல போர்வைக்குள்ள என்னைத் திட்டிக்கிட்டுப் படுத்திருப்பியா?"

வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். மானாங் சிரிக்க மாட்டார். "சிரிங்கடி. சிங்கப்பூர்ல இதைக் கேக்கறப்ப உங்க பின்னாடி நின்னு சிரிக்க ஆள் இருக்காது."

இது எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரம், மோலோ பக்கம், ஒரு இரும்புக் கடைக்கு மேலே எங்கள் பயிற்சி நிலையம். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை மேடம் பெர்லிட்டாவின் ஏஜென்சி இங்கே மூன்று மாதம் தங்கவைத்துத் தயார் செய்யும். மானாங், அதாவது அக்கா, என்று நாங்கள் அழைக்கும் மிண்டாவுக்கு இரண்டு வேலை. சமையல் ஒன்று. ஒத்திகை நேர்காணலில் சிங்கப்பூர் எஜமானியாக உட்காருவது இன்னொன்று. அங்கே ஒருமுறை வேலை பார்த்தவர் என்பதால் அந்த நாற்காலி அவருக்கு.

நான் ஆங்கில ஆசிரியர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நான் பட்டம் வாங்கிய வாரம், கரும்பு வெட்டும் என் அப்பா, என் படம் போட்ட பெரிய பேனரை அடித்து வேலியில் கட்டினார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இப்போது அது பன்றிக் கொட்டகைக்குக் கூரை. என் முகத்தில் பாதி இன்னும் தெரிகிறது. பள்ளி ஆசிரியர் தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகு இங்கே வந்து சேர்ந்தேன்.

பாடம் நடத்துவதோடு 'அனுபவத் தாள்' எழுதுவதும் என் பொறுப்பு. ஒவ்வொரு பெண்ணும் இதுவரை வாழ்க்கையில் என்னென்ன செய்திருக்கிறாள் என்று அரைப் பக்கம். அதை மனப்பாடம் செய்து நேர்காணலில் ஒப்பிக்க வேண்டும். 'செய்தேன்' என்று சொன்னால் எப்போது என்று அடுத்த கேள்வி வரும். 'செய்திருக்கிறேன்' என்றால் வராது. வாழ்க்கையில் எப்போதோ ஒரு நாள் என்று போய்விடும். ஆங்கிலத்தில் அனுபவத்தைச் சொல்ல இந்த வடிவம்தான் என்று முதல் வாரமே கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மேடம் பெர்லிட்டா ஒருநாள் வகுப்பில் நின்று கேட்டுவிட்டுப் போகும்போது என் தோளில் தட்டினார்.

"அப்ப தேதி கேக்க மாட்டாங்க, இல்ல சார்?"

"பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, மேடம்."

"அப்பத் தாராளமா எழுதுங்க."

தாராளமாக எழுதினேன். சந்தையில் காய் விற்ற பெண் என் தாளில் இரட்டைக் குழந்தைகளை வளர்த்திருந்தாள். ரிசாலின் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், கோழிப் பண்ணையைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள், பக்கவாதம் வந்த ஒருவரை இரண்டு ஆண்டு கவனித்திருந்தாள். அவர்களுக்கு வேலை கிடைக்க உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்காவிட்டால் எழுத முடியாது.

ஒரு மதியம் சமையலறையில் மானாங் துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து ரிசாலினின் தாளை எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னடா தோத்தோ எழுதற?" தம்பியைக் கூப்பிடுவதுபோல் என்னை அப்படித்தான் அழைப்பார்.

படித்துக் காட்டினேன்.

"எனக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்தாங்க. வரி மாறல."

"நான் எழுதலையே மானாங். நான் வந்தே ஒரு வருஷம்தான்."

"உன்னைச் சொன்னேனா? உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். அவனும் உன்னை மாதிரிதான். நல்ல பையன்."

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். கேட்டது எதையும் நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூரில் ஒரு பன்னிரண்டாவது மாடி வீட்டில் அவர் கவனித்த பெரியவருக்கு எண்பத்தொரு வயது. மிண்டா என்று வாயில் வராமல் 'மின், மின்' என்பாராம். தன் கஞ்சியில் பாதியை இவர் பக்கம் தள்ளிவிட்டு, இவர் சாப்பிட்ட பிறகுதான் மீதியைத் தொடுவாராம். நான்காவது வாரம், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கும்போது பெரியவர் மானாங்கின் கைநழுவி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

"எப்படித் தூக்கணும்னு எனக்கு யாருமே காட்டல, தோத்தோ. நான் அதுக்கு முன்னாடி தூக்கினது மீன் கூடைதான். அவர் பொண்ணு என் தாளை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. 'இவ்வளவு பேரைக் கவனிச்சிருக்கேன்னு சொன்னியே'ன்னா. என்ன சொல்றது?"

"மேடம்கிட்டச் சொன்னீங்களா?"

"பதினோரு தடவை போன் அடிச்சேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து. எடுக்கல. பன்னெண்டாவது தடவை பெர்லிட்டாவே எடுத்தா. குரலை மாத்திக்கிட்டு, வேலைக்காரி மாதிரி, 'மேடம் சாப்பிட்டுட்டு இருக்காங்க, அப்புறம் கூப்பிடு'ன்னா. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

ஒன்பதாம் நாள் பெரியவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். மானாங்கைப் போலீஸ் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. இனி எந்த நாட்டு வேலைக்கும் அவரை யாரும் எடுக்க மாட்டார்கள். இலோய்லோ வந்ததும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். மறுவாரமே மேடம் பெர்லிட்டா ஒரு கூடை மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்து, புகாரைத் திரும்ப வாங்கினால் பயிற்சி நிலையத்தில் சமையல் வேலை என்றார். மானாங் வாங்கிக்கொண்டார்.

"ஏன் மானாங் வாங்கினீங்க?"

"அலுவலகத்துல என்ன கிடைக்கும்? ஒரு தாள் கிடைக்கும். எனக்குத் தாள் வேண்டாம். அவ மூஞ்சியைப் பாக்கணும். அதுக்குப் பக்கத்துல இருக்கணுமில்ல?" குழம்பில் உப்புப் பார்த்தார். "பதினாலு மாசமா அவளுக்குச் சோறு போடறேன். ஒருநாள்கூட உப்பைக் கூட்டிப் போட்டதில்ல."

அடுத்த வாரமே ஒரு தாள் என் கைக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து மிஸஸ் கோ வர மூன்று வாரம் இருந்தது. மேடம் பெர்லிட்டா புதிதாகப் பிடித்த பெரிய வாடிக்கையாளர். இருபத்தாறு பெண்களையும் நேரில் பார்த்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மானாங் ஒரு பள்ளி நோட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். தப்புத் தப்பான ஆங்கிலம், பென்சில் எழுத்து.

'நான் ஒரு பெரியவரைக் கவனித்திருக்கிறேன். அதற்கு முன் யாரையும் கவனித்ததில்லை. கவனித்திருப்பதாக என் ஏஜென்சி எழுதிக் கொடுத்தது. அவரைத் தூக்கும்போது கீழே போட்டிருக்கிறேன். பதினொரு முறை ஏஜென்சிக்குப் போன் செய்திருக்கிறேன். யாரும் எடுத்ததில்லை. அவர் இறந்திருக்கிறார்.'

"இதைத் திருத்திக் கொடு. பொண்ணுங்க சொல்லப் போறாங்க."

"எந்தப் பொண்ணுங்க?"

"எல்லாரும். ஒருத்தி சொன்னா உளர்றான்னு விட்டுடுவாங்க. எல்லாரும் ஒரே அனுபவத்தைச் சொன்னா?"

"அவங்க வேலை போயிடுமே மானாங்."

"எதுவும் மறைக்கல. என்ன ஆகும்னு சொல்லித்தான் கேட்டேன். போன் எடுக்காத ஏஜென்சி வழியாப் போறியா, போகாம இருக்கியான்னு. பத்தொன்பது பேர் சரின்னாங்க. ஏழு பேர் முடியாதுன்னாங்க. ஆனா காட்டிக் கொடுக்க மாட்டாங்க."

நான் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கடைசி வரியையும் திருத்தப்போனேன். "இறந்திருக்கிறார்னு இங்க வராது மானாங். இறந்துட்டார்னு வரணும். அது முடிஞ்சுபோனது."

"எனக்கு முடியல. அப்படியே விடு."

விட்டேன். மேடம் பெர்லிட்டாவிடம் போய்ச் சொல்ல மூன்று வாரம் இருந்தது. தினமும் அவர் அறையைக் கடந்துதான் வகுப்புக்குப் போவேன். சொல்லவில்லை. தைரியத்தினால் சொல்லாமல் இருந்தேனா, பயத்தினாலா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் வாய் ஒரே மாதிரிதான் மூடியிருக்கிறது.

மிஸஸ் கோ வந்தார். ஒல்லியான, வேகமாக நடக்கும் பெண்மணி. நீள மேஜைக்குப் பின்னால் அவரும் மேடம் பெர்லிட்டாவும். முதல் பெண் ஒப்பித்தாள். ஏஜென்சி என்ற சொல் வந்தபோது மேடம் நிமிர்ந்தார். அந்தப் பெண் பதற்றத்தில் உளறுவதாக மிஸஸ் கோவிடம் சிரித்தபடி சொன்னார். இரண்டாமவள் அதையே சொன்னாள். மூன்றாமவளும் அதையே.

"போதும், இவங்க சரியாத் தயாராகல," என்று மேடம் எழுந்தார்.

"உட்காருங்க," என்றார் மிஸஸ் கோ. "நான் எல்லாரையும் கேக்கறேன்."

அந்த நேரத்தில்தான் மானாங் தேநீரும் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டித் துண்டுகளும் கொண்டுவந்தார். தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. மேடம் பெர்லிட்டாவுக்கு நேர் எதிரே, சுவரோடு நின்றுகொண்டார். எட்டாமவள், ஒன்பதாமவள். மேடத்தின் முகத்தில் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. மானாங் கண்ணிமைக்காமல் பார்த்தார். பசியோடு சாப்பிடுகிறவரைப்போல இருந்தது.

"எடுத்துக்கோங்க மேடம். ஆறிடும்," என்றார் மெதுவாக.

இடையிடையே ஏழு பேர் நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார்கள். ரிசாலினும் அதில் ஒருத்தி. பக்கவாதக்காரரைத் தடுமாறாமல் சொன்னாள். பொய் சொன்னவர்களில் அவள்தான் நன்றாகச் சொன்னாள்; நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கடைசியில் மிஸஸ் கோ கேட்டார். "இது யாருடைய கதை?"

முதலில் பேசிய பெண் சொன்னாள். "மத்த தாளெல்லாம் ஏஜென்சி எழுதினது, மேடம். இது ஒண்ணுதான் நடந்தது."

மானாங் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். அவ்வளவுதான். மிஸஸ் கோ தன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒருவரையும் எடுக்கவில்லை. போகிற வழியிலேயே தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாளில் ஏஜென்சியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். எனக்கும் வேலை போனது.

மானாங் தன் வீட்டு வாசலில் ஒரு மேஜை போட்டு மதியச் சாப்பாடு விற்க ஆரம்பித்தார். நேற்று நான் போனபோது ரிசாலின் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தட்டு வைத்திருந்தார். அவள் தொடவில்லை.

"உங்க கதையை நான் சொல்லவே இல்ல மானாங். எனக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். எனக்கும் போச்சு. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல, இண்டாய்." தங்கையை அழைப்பதுபோல் சொன்னார்.

"அப்பக் கையெழுத்துப் போடுங்க. அந்தக் கதை பொய்னு நீங்க ஒரு கடிதம் கொடுத்தா உரிமத்தைத் திருப்பித் தருவாங்களாம். மேடமே என்கிட்டச் சொன்னாங்க. முதல் ஆளா என்னை அனுப்பறாங்களாம். கோழிப் பண்ணைக்குத் திரும்பிப் போக முடியாது மானாங். அந்த முதலாளி கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"உன்னை எங்க அனுப்புவா? என்னை அனுப்பின மாதிரிதான் அனுப்புவா."

"அது என் பாடு! உங்களுக்கு வேண்டியது அவங்க மூஞ்சி. பாத்தாச்சு இல்ல? இன்னும் என்ன?"

மானாங் பதில் சொல்ல வாய் திறந்தார். மேஜைமேல் இருந்த அவர் போன் அடித்தது. திரையில் மேடம் பெர்லிட்டாவின் பெயர். அவர் எடுக்கவில்லை. நின்றது. மீண்டும் அடித்தது.

"ரெண்டு," என்றார் மானாங். எனக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். "மூணு."

வாடிக்கையாளர் ஒருவர் தட்டைக் கொடுத்துவிட்டு, "போன் அடிக்குது," என்றார். "தெரியும் மாமா, அடிக்கட்டும்." ஆறு. ஏழு. ரிசாலின் போனையும் மானாங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பதாவது அழைப்பில் அவள் கை நீண்டது. மானாங் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பதினொன்று முடிந்ததும் கையைத் துணியில் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அடுத்தது அடித்ததும் எடுத்தார்.

குரலை மாற்றிக்கொண்டார். "மிண்டா சாப்பிட்டுட்டு இருக்கா. அப்புறம் கூப்பிடுங்க."

வைத்துவிட்டார். உதடு நடுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது அவருக்கு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ரிசாலின் எழுந்து, தொடாத தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மானாங்கின் சிரிப்பு நின்றது. அவளைக் கூப்பிடவில்லை. அந்தத் தட்டின் சோற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா மென்னு சாப்பிடு தோத்தோ," என்றார் என்னிடம்.

அப்போது என் போன் அடித்தது. அதே பெயர். எடுக்கலாம், எடுக்காமல் விடலாம். மூன்றாவது மணியில் எடுத்தேன்.

"சார், உங்க பேச்சை அவ கேப்பா. கையெழுத்துப் போடச் சொல்லுங்க. உங்க வேலையும் திரும்ப வந்துடும்."

"மேடம், பத்தொன்பது பேர் சொன்ன அந்தத் தாளைத் திருத்தினது நான்தான்," என்றேன். "ரிசாலினோட தாளை எழுதினதும் நான்தான். அதையும் தொழிலாளர் அலுவலகத்துல சொல்லப் போறேன்."

மானாங் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். ரிசாலின் போன தெருவையே பார்த்தபடி ஊற்றியதில் பாதி மேஜைமேல் சிந்தியது.