வாசிக்காமல் விட்ட ஐந்தாவது கோரிக்கை

பள்ளியிலிருந்து வந்த மகளின் பையைத் திறந்தால், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறது. மூன்று நாளாக இதே கதை. "ஏம்மா குடிக்கல?" என்றால் "தாகம் எடுக்கலப்பா" என்கிறாள். தாம்பரத்து வெயிலில் தாகம் எடுக்காதாம்! யாரிடம் கதை விடுகிறாள்? எனக்கு நூர்ஜஹானைத் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரக் கல்லூரி ஒன்றில் நான் மாணவர் பேரவைச் செயலாளர். பெரிதாக எண்ணிவிடாதீர்கள். எதிர்த்து நின்றவன் அரியர் வைத்திருந்ததால் அவன் மனு தள்ளுபடியாகி, ஜெயித்துவிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக அலைவேன். பேரவை அறை என்பது விளையாட்டுச் சாமான் போடும் அறையில் பாதி. பழைய கிரிக்கெட் பேடின் வியர்வை நாற்றம் எங்கே மூக்கில் ஏறினாலும், நூர்ஜஹான் அங்கே வந்து நின்ற மதியம் நினைவுக்கு வந்துவிடும்.

பம்மலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பி.காம். இரண்டாம் வருஷம். கூட இரண்டு தோழிகள்.

"அண்ணா, நாங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்லண்ணா."

"ஏம்மா, டேங்க்ல தண்ணி வரலையா?" என்று கேட்டேன் பாருங்கள், மடையன்!

தோழிகள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. "குடிச்சா போவணும்ல. எங்க போறது?"

அத்தனை மாணவிகளுக்கும் ஒரே கழிப்பறை. தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் காற்றுதான் வரும். ஏற்கெனவே நீர்க்கடுப்பு வந்து, ஜுரத்தில் பத்து நாள் படுத்திருக்கிறாள். "இன்னொரு வாட்டி வந்தா காலேஜே வேணாம்னுட்டாரு அப்பா. நீங்கதான் கேட்டுக் குடுக்கணும்."

"நான் பாத்துக்கறேம்மா" என்று ஐந்தாவது கோரிக்கையாக எழுதிக்கொண்டேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். முன்பு எவனோ ஒரு செயலாளர், முதல்வர் கையெழுத்துப் போட்டபின் மனுவில் நாலு வரி நுழைத்துவிட்டானாம். அதிலிருந்து தாளை வாங்க மாட்டார்கள். பொதுக்கூட்டத்தில் செயலாளர் மைக்கில் வாசிக்க, ஹெட் கிளார்க் குறித்துக்கொள்வார். மைக்கில் வராதது கோரிக்கையே இல்லை. அடுத்த கூட்டம் அடுத்த வருஷம்தான்.

அன்றைக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை கேட்டேன், கைதட்டல். கேன்டீனுக்குப் பெஞ்சு, நூலகம் ஆறு மணி வரை, கிரிக்கெட் வலை. வலைக்கு விசில் பறந்தது. அடுத்த வரியில் 'மாணவிகளுக்குக் கழிப்பறை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எதிரே முதல்வர், பேராசிரியைகள், விசிலடித்து ஓயாத பையன்கள். இதைப் போய் மைக்கில் எப்படிச் சொல்வது? தாளை மடித்தேன். "நன்றி, வணக்கம்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல்வருக்கு அன்றைக்கென்று என்ன நல்ல மூடோ! எழுந்து, "வாசிச்சது அத்தனையும் சாங்ஷன்" என்றார்.

"மச்சான், கலக்கிட்ட!" என்று பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நூர்ஜஹான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைதட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

தீபாவளி விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. மறுபடி ஜுரம் என்றார்கள். பிறகு நின்றுவிட்டாள் என்றார்கள். விசாரித்துக்கொண்டு பம்மலுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்கண்ணா, வெயில்ல வந்துகீறீங்க."

சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"உடுங்கண்ணா. வூட்ல நானும் நல்லா தண்ணி குடிக்கிறேன். படிப்புதான் இல்ல."

இப்போது கல்லூரியில் பேரவை கிடையாது. தேர்தலை நிறுத்திப் பல வருஷமாகிறது. சாமான் அறையை இடித்து டைல்ஸ் போட்ட கழிப்பறை கட்டியிருக்கிறார்களாம். பம்மலில் அந்தத் தெருவே அடுக்குமாடியாகிவிட்டது. அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று சொல்ல ஆளில்லை.

நேற்று மகளிடம் நேராகவே கேட்டேன். "பாத்ரூம் கதவு சாத்திக்க மாட்டேங்குதுப்பா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. நாளைக்குப் பெற்றோர் கூட்டம். எழுதி வைத்திருக்கிறேன், ஒரே வரி. சத்தமாக வாசித்தும் பார்த்துவிட்டேன். ஒரு மூச்சுகூட ஆகவில்லை.