பாப்பாயிக்குச் சேர வேண்டிய பெயர்

என் மேலதிகாரியைக் குளிர்விக்க, ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய பெயரை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கொல்லிமலையிலிருந்து ஓர் ஆசிரியை போனில் அழைத்தார். பள்ளிச் சுவரில் அந்த மலையின் பெயர்பெற்ற மனிதர்களின் பெயர்களை எழுதப் போகிறார்களாம். "நீங்க இங்க வேலை பார்த்தவராமே சார், யாரையாவது சொல்லுங்களேன்." வாயைத் திறப்பதற்குள் பலாப்பழ வாசனை அடித்தது. வீட்டில் பழம் இல்லை. சர்க்கரை நோயாளியான என் வீட்டில் அது ஏது?

அந்த வாசனை எனக்குப் பழகியது பஸ்ஸில்தான். தோட்டக்கலைத் துறையில் சேர்ந்த புதிது. மலையிறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சீட்டுக்கடியில் பழங்கள் உருண்டு என் காலில் இடிக்கும். நான் வாந்தியை அடக்கிக்கொண்டு, ஆபீசர் முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அப்படி வந்த பழம் ஒன்றின் ருசிதான் என்னை அந்த மலையில் அரியூர் நாடு என்ற ஊரில் இருந்த பாப்பாயியிடம் கொண்டுபோய் விட்டது.

என்னைவிடச் சற்று மூத்தவர். ஊர் ஊராகப் பலாப்பழம் ருசி பார்த்து, கொட்டை பொறுக்கி வந்து அவர் நட்டவற்றில் தேறிய ஒரே மரத்தின் பழம் அது. மாவட்டக் கண்காட்சிக்குப் பழம் கேட்டேன்.

"எம்பேரு போடுவீங்களா சார்? எல்லாம் லாரியில போவுது. யாரு வெளைய வெச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்லீங்க."

போடுகிறேன் என்றேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மேலதிகாரி ஒரு சுளை தின்றுவிட்டு, "இந்த ரகத்துக்கு நல்ல பேரா வைக்கணுமேப்பா" என்று என்னையே பார்த்தார். எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய நேரம். பழத்தின் முன் வைக்கும் அட்டையில், ரகத்தின் பெயராக அவர் பெயரை எழுதினேன்.

பாப்பாயி கல்யாணச் சேலையில் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்றவரை அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம், "ஏனுங்க சார், கத்தி இருக்குங்களா?" என்றார்.

கையில் எண்ணெய் தடவி, பரிசு வாங்கிய பழத்தை மேஜையிலேயே பிளந்தார். கூட்டத்துக்கெல்லாம் சுளை கொடுத்தார். மேலதிகாரிக்கும் ஒன்று நீட்டினார்.

"தின்னுங்க சாமி. பேரு உங்களோடது, பழம் என்னோடதுங்க."

எனக்கு மட்டும் தரவில்லை.

பதவி உயர்வு வந்தது. மலைப்பக்கம் நான் திரும்பவே இல்லை.

என் சர்க்கரை நோய் உட்பட இதையெல்லாம் ஆசிரியையிடம் சொன்னேன். "அவங்க இருக்காங்க சார். நேர்ல வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். பள்ளிச் சுவருக்கு எதிரே பாப்பாயி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் செய்தது தப்பு என்றேன்.

"இதச் சொல்ல இத்தன வருசமாச்சுங்களா? பஸ்ஸு தெனமும் வருதே."

மரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அது எப்போதோ காற்றில் சாய்ந்துவிட்டதாம். அதன் ஒட்டுக்கன்றுகள் பல தோட்டங்களில் மரமாகி நிற்கின்றனவாம். நான் எழுதிய அந்தப் பெயரை அங்கே ஒருவருமே கேள்விப்பட்டதில்லை.

அங்கே எழுதிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் பிரஷ் வாங்கி, சுவரில் பாப்பாயியின் பெயரை நானே எழுதினேன்.

"இதுதான் எம்பேருங்களா? கோணலா இருக்குதே. பக்கத்துல ஒரு பழத்தப் போடுங்க. என்னாட்டம் படிக்காதவங்களுக்கும் தெரியோணுமில்ல."

எனக்குத் தெரிந்தவரை வரைந்தேன்.

"முள்ளம்பன்னியாட்டம் இருக்குது சார்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒட்டுமரத்துப் பழம். பெயிண்ட் படாத கையில் ஒரு சுளையை வைத்தார்.

"சர்க்கரைன்னு டீச்சரு சொன்னாங்க. பாதி தின்னுங்க."

முழுவதும் தின்றேன்.