நாலு தகரத்துக்கு ஒரு கூரை

என் அண்ணிக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நாத்தனார் குசும்பு என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. என் அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், எல்லாம் அவள் சொல்படிதான். அண்ணன் கொத்தனார். சுவரை நிமிர்த்தி நிறுத்தத் தெரிந்த மனிதருக்குப் பெண்டாட்டி முன்னால் நிமிர்ந்து நிற்கத் தெரியாது. என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். அவள் வாயில் விழுந்து எழுவதே அன்றிலிருந்து என் பிழைப்பாகிவிட்டது.

வேலையிடத்தில் அவளுக்கு மைக்செட்டு என்று பெயர். ஊர் வளர்கிறது, ஊர் வளர்கிறது என்று எல்லோரும் பீற்றிக்கொள்கிற புதுச் சாலைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கலவை சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நானும் அவள் செட்டில்தான் இருந்தேன். கீழே மிஷினில் கலவை திரும்பும். சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்குப் போகும். ஒருத்தி சுணங்கினாலும் அண்ணியின் குரல் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து காதைத் திருகும். மற்றவர்களை "ஏம்மா" என்பாள். என்னை மட்டும் "ஏண்டி, தூங்கி வழியிற" என்பாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். நல்ல நியாயம்.

கட்டடத்துக்குப் பின்னால், லிஃப்ட் சுவரை ஒட்டி, பெண்களுக்கென்று நான்கு தகரத்தை நிறுத்தி ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். கழிப்பிடமும் அதுதான், வேலை முடிந்து மேல் கழுவுகிற இடமும் அதுதான். சிமெண்ட் உடம்பில் காய்ந்தால் அரிக்கும், தோல் வெடிக்கும். அந்தக் கோலத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிடுவார். அதனால் கழுவாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. மறைப்புக்குக் கூரை கிடையாது. முன்பெல்லாம் அது தேவைப்படவும் இல்லை. மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கத் துணிந்த கம்பி கட்டும் ஆள் ஒருவன் இருந்தான். கீழே நின்று அண்ணி போட்ட சத்தத்தில் மறுநாள் அவன் வேலைக்கே வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் உள்ளே போனால் ஆண்கள் தாங்களாகவே தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ட்ரோன் வந்தது. முதலாளி எங்கோ தூரத்தில் இருக்கிறார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமாம். வெள்ளை ஷூ போட்ட ஒருத்தன் காரில் வருவான், காரை விட்டு இறங்காமலே அதைப் பறக்கவிடுவான். குளவி மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு அது கட்டடத்தைச் சுற்றும், மேலே போய் நிற்கும், அசையாமல் குனிந்து பார்க்கும். இன்ன நாள், இன்ன நேரம் என்று கிடையாது. சொல்லிவிட்டு வந்தால் வேலை செய்கிற மாதிரி நாங்கள் நடித்துவிடுவோமாம். நாங்கள் சட்டி சுமந்தது அவர்களுக்கு நடிப்பாகத் தெரிந்திருக்கிறது. அண்ணியின் சத்தமும் அதனிடம் எடுபடவில்லை. அதற்குத்தான் காது கிடையாதே.

அன்றிலிருந்து நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம். குடித்தால் உள்ளே போக வேண்டும், போனால் தலைக்கு மேலே அது வந்து நிற்கும். கொளுத்துகிற வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் குடிக்க மாட்டோம். அண்ணி நேராக இன்ஜினியரிடம் போனாள்.

"சார், அந்த மறைப்புக்கு மேல ஒரு தகரம் போட்டுக் குடுங்க."

"ஏம்மா, அது கட்டடத்தப் பாக்குது. உங்களப் பாக்கல."

"அப்படின்னா உங்க வீட்டு பாத்ரூம் கூரையப் பிரிச்சுட்டுக் குளிங்க சார். அதுவும் உங்களப் பாக்காது."

பக்கத்தில் நின்ற சென்ட்ரிங் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இன்ஜினியருக்கு மூஞ்சி செத்துப்போனது. தற்காலிக வேலைக்கெல்லாம் சாமான் ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே நான் சட்டியோடு படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது அண்ணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிக்காம எதுக்குடி வேலைக்கு வந்த? செத்துத் தொலைஞ்சா உங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" அப்படியே எழுந்து அவளை அறையலாமா என்று இருந்தது எனக்கு. எழுந்திருக்கத்தான் தெம்பு இல்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்படிச் சாய்ப்பின் மேல் தகரத்தைக் காணோம். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். அண்ணி அதைச் சும்மாட்டின் மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். மழை வந்தால் நான் எங்கே சமைப்பது என்று கத்தினேன். "குடை பிடிச்சுக்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். மறைப்புக்கு மேல் அவளே அதைக் கட்டினாள். அன்று மத்தியானம் எங்கள் செட்டுப் பெண்கள் எல்லோரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். நானும்தான் குடித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. எனக்கு என் அடுப்படிக் கவலை.

அடுத்த தடவை குளவி வந்துபோனதும் இன்ஜினியருக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. ட்ரோன் எடுக்கிற படத்தைக் கம்ப்யூட்டர் கட்டட வரைபடத்தோடு ஒத்துப்பார்க்குமாம். வரைபடத்தில் இல்லாத எதுவும் எழும்பியிருந்தால் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுவிடுமாம். கூரை இல்லாதவரை எங்கள் மறைப்பு அதன் கணக்கில் வெறும் தரை. கூரை போட்டதும் அனுமதி இல்லாத கட்டடமாகிவிட்டது. பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு. ஆட்கள் வந்து தகரத்தை இழுத்துக் கீழே எறிந்தார்கள். அண்ணி கத்தின கத்தலுக்குச் சாலையில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இன்ஜினியர் மட்டும் காதில் போனை வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர் மாதிரி நடந்து போனார்.

அன்று சாயங்காலம் என் கழுத்தில் கலவை வழிந்துவிட்டது. சட்டைக்குள் இறங்கி எரிய ஆரம்பித்தது. தாங்க முடியவில்லை. மேலே எதுவும் இல்லை என்று இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் நான்காவது தளம் போடுகிற நாள். காலையிலிருந்தே கலவை ஏறிக்கொண்டிருந்தது. பாதித் தளம் முடிந்திருந்தபோது இன்ஜினியர் மேலே வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார் போலும். அண்ணியிடம் போனை நீட்டினார்.

"பாத்தியாம்மா, சிவப்புக் கட்டம் போயிடுச்சு. முதலாளி காலைலயே பாத்துட்டாரு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரு. இதுக்குப் போயி நேத்து அந்தக் கூப்பாடு போட்டியே."

அண்ணி போனை வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கிக்கொண்டே போனாள். அப்புறம் அவள் கை நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். நான்கு தகரத்துக்கு நடுவில் ஒரு வாளி. வாளிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண். வகிடுகூட நேராக எடுக்கத் தெரியவில்லை என்று அண்ணி தினம் தினம் என்னைக் கேலி செய்வாள். அந்தக் கோணல் வகிடு அதில் பளிச்சென்று தெரிந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இதுல இருக்குறது யாரு சார்?" என்று கேட்டாள் அண்ணி. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லையேம்மா. யாரோ ஒரு சித்தாளு."

"என் நாத்தனாரு சார். என் புருஷன்கூடப் பொறந்தவ."

அவர் முகம் வெளுத்தது. போனைப் பிடுங்கப் பார்த்தார். அண்ணி கொடுக்கவில்லை. மாடி விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்து, "மிஷின நிறுத்துங்கடி" என்றாள். மிஷின் நின்றது. வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சட்டியை இறக்கிவைத்தார்கள். தளம் பாதியில் நிற்கிறது. அப்படியே காய்ந்தால் நடுவில் ஒட்டு விழும், மழைக்கு ஒழுகும். அது இன்ஜினியருக்குத் தெரியாதா என்ன.

"ஏம்மா, தளம் போயிடும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"கூப்பிடுங்க உங்க முதலாளிய. எல்லார் காதுலயும் விழுற மாதிரி போடுங்க."

வேறு வழியில்லாமல் அண்ணி கையிலிருந்த போனிலேயே கூப்பிட்டார். பெண்கள் ஏதோ பிரச்சினை பண்ணுகிறார்கள், வேலை நின்றுவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சலித்த குரல், "என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?" என்றது.

அண்ணி பேசப் போகிறாள் என்று எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "படத்துல இருக்குறவ நீதானே. நீயே கேளு" என்றாள்.

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கெல்லாம் பேசுகிறவளுக்கு எனக்காகப் பேச மட்டும் வாய் வலிக்கிறதா? ஆனால் போன் முகத்துக்கு முன்னால் நின்றது. அந்தப் பக்கம் அந்த ஆள் மூச்சு விடுவது கேட்டது. அவரும் இதைத்தான் பார்த்திருக்கிறார், இன்று காலையில் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என் உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"சார், அந்தப் படத்துல குளிக்கிறது நான்தான்" என்றேன்.

"எந்தப் படம்?"

"காலைல பாத்துட்டு எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் படம்."

தளத்தில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விடவில்லை.

"அத அழிக்கணும். யார் யார்கிட்ட இருக்கோ அத்தன பேரும் அழிக்கணும். அங்க கூரை போடணும். அதுவரைக்கும் ஒரு சட்டி மேல ஏறாது."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை. "இன்ஜினியர், என்ன வேணுமோ செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்ஜினியர் எங்கள் கண் முன்னாலேயே படத்தை அழித்தார். முதலாளியின் போனில் இருந்ததை அவர் அழித்தாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கலவை இறுகுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று இன்ஜினியர் தானே ஓடிப் போய் ஸ்டோர் ரூமிலிருந்து புதுத் தகரம் ஒன்றைத் தூக்கி வந்தார். ஆட்களைக் கூப்பிடக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. ஏணி மேல் நான் நின்றேன். அவர் கீழேயிருந்து தகரத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டு, "போதுமாம்மா, ஆச்சாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஆகல. நல்லாப் புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆணியை அடித்தேன்.