பனிப்புல் நீலம்

கியோட்டோவில், தோகியே இருந்த தெருவில், வாக்குத் தவறுகிறவனைத் திட்ட நாக்கை வளைக்க வேண்டியதில்லை. "அவனா? பனிப்புல் நீலம்!" என்றால் போதும். பனிப்புல் பூ நம் கானவாழைக்குத் தங்கை முறை. காலையில் விரியும், மதியத்துக்குள் சுருண்டுவிடும். அதைப் பிழிந்த நீலத்தில்தான் பட்டில் பூவேலைக்குக் கோடு போடுவார்கள். ஈரம் பட்டால் போய்விடும். போக வேண்டும் என்பதற்காகவே அந்த நீலம்.

கோடு போடுகிறவர் தோகியேயின் புருஷன் கெய்சாக்கு. அதன்மேல் அரிசிப்பசையை இழையாக வைப்பவள் தோகியே. பசை காய்ந்ததும் சோயாப் பால் பூசினால் நீலம் கரையும், பசைக்கோடு நிற்கும், பிறகு ஏற்றும் சாயம் அதைத் தாண்டாது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் கோட்டை அழிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒருநாளும் தயங்கியதில்லை.

வசந்தத்தில் கெய்சாக்கு செத்துப்போனார். அவர் கடைசியாகக் கோடு போட்ட கல்யாணப் பட்டு வீட்டில் கிடந்தது. அதில் பசை வைக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் பட்டைப் பிரித்தால் ஓர் இதழைக் காணோம். மறுநாள் ஓர் இலை. பிடிக்காத கோட்டை ஈரத் தூரிகையால் துடைப்பது கெய்சாக்குவின் வழக்கம்.

"அவர்தான் வந்து துடைக்கிறார் அக்கா," என்றாள் தோகியே, பக்கத்து வீட்டு மிட்சுவிடம்.

"செத்தும் வேலையா? மூஞ்சில வெயில் அடிச்சாலும் எந்திரிக்காத மனுஷன்டி அவரு! இது மழை ஈரம்."

"சுமாரான கோடாப் பாத்துத்தானே போகுது?"

மிட்சு சிரிப்பை விழுங்கினாள். "சரி, அவர்தான்னே வெச்சுக்கோ. மொத்தத்தையும் துடைச்சுட்டாருன்னா, அப்புறம் எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே?"

தோகியே வீட்டுக்குப் போய்ப் பட்டை மூங்கில் குச்சிகளால் இழுத்துக் கட்டினாள். மிச்சமிருந்த கோடெல்லாம் பசை வைத்தாள். காணாமல்போன இதழைத் தன் கையால் போடவில்லை. கல்யாணப் பெண் இதழை எண்ணவா போகிறாள்? ஒரு காம்பு கோணலாக இருந்தது. இன்னொரு ராத்திரி கிடைத்தால் அவர் துடைத்துவிடுவார்.

"இதைத் தர மாட்டேன், போங்க," என்று வெறும் அறையில் சொல்லிவிட்டு அதன்மேலும் பசையை இழுத்தாள்.

பசை காய்ந்தது. சோயாப் பால் போன வழியெல்லாம் நீலம் கரைந்தது. பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. தோகியே திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், பின்னால் நிற்பவருக்கும் தெரியட்டும் என்று.