நாலு சுத்துக்கு மேல்

லைன் வீடுகளில் பொழுது விடிவது குழாய் இருமுவதை வைத்துத்தான். முதலில் வெறும் காற்று வரும். அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம். அதற்கும் அப்புறம்தான் சுண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர். "இன்னும் சளி கரையல போலிருக்கு, யாராவது மருந்து குடுங்க" என்று கடைசி வீட்டுத் தையல்காரம்மா குடத்தோடு நின்று சொல்வாள். ஒன்றரை மணி நேரம் அப்படி ஓடிவிட்டு நின்றுவிடும். வீட்டுக்கு மூன்று குடம் நிறைந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறவரும் அதே வரிசையில், பதினேழாம் வீட்டில்தான் இருந்தார். நகராட்சியின் வால்வுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'நாலு சுத்து'.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, நகரத்தின் புழுதி எட்டாத தூரத்தில் காற்றோட்டமான ஒரு மேட்டைப் பார்த்துத் தன் அதிகாரிகளுக்காகக் கட்டிய புறநகர் அது. மேட்டின் மேல் ஏழு பங்களாக்கள். நடுவில் கிளப், அதன் முன்னால் ஒரு நீரூற்று. ஒவ்வொரு பங்களாவுக்கும் முன்னால் அகலமான சாலை, பின்னால் ஒரு ஆள் போகிற சந்து. துரைகள் சாலையில் வருவார்கள், வேலைக்காரர்கள் சந்தில் வருவார்கள், இருவரும் நேருக்கு நேர் பார்க்காமலே நாள் போய்விடும். அப்படி யோசித்துத்தான் கட்டியிருந்தார்கள். மேட்டின் சரிவு முடிகிற பள்ளத்தில், ஒட்டிக்கொண்ட சுவர்களோடு அறுபது லைன் வீடுகள். சமையல்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர் எல்லோரும் அங்கே.

துரைகள் கப்பலேறி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒரு பங்களா இப்போது பல் மருத்துவமனை. இன்னொன்று வங்கியின் பயிற்சிக்கூடம். நீரூற்று வறண்டு நாற்பது வருஷமாகிறது, அதன் தொட்டியில் செருப்பு தைப்பவர் தன் பெட்டியைப் பூட்டி வைக்கிறார். ஆனாலும் லைன்காரர்கள் இன்றைக்கும் மேட்டுச் சாலையில் மர நிழல் விழும் பக்கம் நடக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "பழக்கம்" என்பார்கள்.

நாலு சுத்துவின் அப்பா கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் நின்று துரைகளின் புள்ளிகளைச் சொன்னவர். முப்பது வருஷம் பின்வாசல் வழியாகவே போய் வந்தார். மகனுக்கு இருபத்தொன்பது வயதில் வால்வு வேலை கிடைத்தது. அப்போதிருந்த பழைய வால்வுக்காரர், ஆள் உயர இரும்புச் சாவியை அவர் கையில் கொடுத்து ஒவ்வொரு குழியாகக் காட்டினார். மேட்டு வால்வு முழுக்கத் திறக்கணும். மருத்துவமனை வால்வு முழுக்கத் திறக்கணும். கிளப்புக்கு எதிரில், லைனுக்குப் போகிற வால்வுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை.

"இதுக்கு நாலு சுத்துதான். அஞ்சாவது சுத்துனா தண்டு முறிஞ்சிரும். முறிஞ்சா ஊரே வெள்ளக்காடு. புரிஞ்சுதா?"

புரிந்தது. நாலாவது சுற்று முடிந்ததும் சாவி இறுகி நிற்பதை அவர் தம் கையாலேயே உணர்ந்தார். பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? முப்பத்தொரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நாலு சுற்று. காய்ச்சலிலும் நாலு, கல்யாணத்தன்றும் நாலு. வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் திருகுவார்.

லைன்காரர்கள் கேட்காமல் இல்லை. "நம்ம ஆளு கையில சாவி, நம்ம குடத்துல காத்து. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது?" என்று தையல்காரம்மா அவர் காதுபடவே சொல்வாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்பார் அவர். "என் பொண்டாட்டி கேட்டே நான் திறக்கல, தெரியும்ல?"

அது உண்மை. பெருவறட்சி வந்த வருஷம் அவர்கள் மகளுக்கு இரண்டு வயது. பேதி கண்டு கிடந்தது குழந்தை. துணி அலசத் தண்ணீர் இல்லை. மனைவி அதுவரை அவரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசியதே கிடையாது. அன்றைக்கு வாசல்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க, இன்னைக்கு மட்டும் ஒரே ஒரு சுத்து அதிகமா விடுங்களேன்."

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளப்பின் பின்வாசல் குழாய்க்குப் போனாள். அங்கே மூன்று படிகள், மூன்றிலும் பாசி. நிறைகுடத்தோடு விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். மகள் பிழைத்துக்கொண்டாள், வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். ஆனால் அம்மாவின் இடது கால் அன்றிலிருந்து அரைச் சாண் பின்தங்கியே வந்தது. அந்தக் காலோடுதான் அவள் இருபத்தாறு வருஷமாகக் குடம் சுமந்தாள். 'நான் தூக்கட்டுமா' என்று அவர் கேட்டதில்லை. "நாள் பூரா தண்ணியோட மாரடிச்சுட்டு வர்றேன், வீட்டுலயும் தண்ணியா?" என்று சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

ஓய்வு பெற நாலு மாதம் இருந்தபோது நகராட்சியில் ஒரு கண்காட்சி ஏற்பாடு ஆயிற்று. புறநகருக்கு நூறு வயது ஆகிறதாம். பழைய அலமாரி ஒன்றை உடைத்துத் திறந்ததில், துணியில் வரைந்த குழாய் வரைபடங்கள் சுருள் சுருளாகக் கிடைத்தன. படம் வரையும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அவருக்கு ஆள் அனுப்பினாள். எந்த வால்வு இன்னும் இருக்கிறது, எது மண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"உக்காருங்க மாமா. இந்தாங்க, உங்க ராஜ்ஜியம்" என்று அவள் மேஜை மேல் வரைபடத்தை விரித்தாள்.

நீலக் கோடுகள். அவர் விரலால் தொட்டுத் தொட்டு, இது இருக்கு, இது போச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிளப்புக்கு எதிரில் வந்ததும் விரல் நின்றது. அந்த வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் நாலு வரி ஆங்கிலம்.

"இது என்னம்மா எழுதியிருக்கு?"

அவள் குனிந்து படித்தாள். "'மொத்தத் திறப்பு இருபது சுற்று. லைனுக்கு நாலு போதும். அதற்கு மேல் திறந்தால் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கி, கிளப் நீரூற்று எழும்பாது. மேட்டுத் தோட்டங்களும் வாடும்.' கீழ ஒரு கையெழுத்து. யாரோ ஒரு துரை எழுதி வச்சுட்டுப் போயிருக்கான்." நிமிர்ந்து சிரித்தாள். "நல்ல கூத்து பாருங்க மாமா. நீரூத்து எழும்பணும்னு அறுபது வீட்டைக் காய விட்டிருக்கான். அந்த ஆர்டர் எல்லாம் எப்பவோ மாறியிருக்கும், இல்ல?"

அவர் வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"மாமா?"

"தண்டு முறியும்னு ஏதாவது எழுதியிருக்கா? நல்லாப் பாரும்மா."

அவள் மறுபடி பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை.

நேராகப் பொறியாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பொறியாளர் வரைபடத்தைக்கூடக் கேட்கவில்லை. "கண்காட்சி முடியட்டும், அப்புறம் பார்ப்போம். மேட்டுல பிரஷர் குறைஞ்சா எனக்குத்தான் போன் வரும். நீங்களும் நாலு மாசத்துல நிம்மதியா ஓய்வுல போங்க, எதுக்கு வம்பு?"

வெளியே வந்தவர் மேட்டுச் சாலை வழியாக நடந்தார். பல் மருத்துவமனையின் மொட்டைமாடித் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. தினமும் வழிவதுதான். சுவரில் ஆள் அகலத்துக்குப் பாசி. இத்தனை வருஷமாக அந்தப் பாசியைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த மூன்று குடங்கள்.

"என்ன, சட்டையெல்லாம் போட்டுட்டுப் போனீங்க, படத்துல உங்களையும் சேத்துக்கிட்டாங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வது? நீ விழுந்தது வறட்சியால் இல்லை, என் கையால் என்றா? மனைவிக்கே திறக்காத அந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! டீக்கடையில், சங்கக் கூட்டத்தில், சம்பந்தி வீட்டில்கூட. ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

சாயங்காலம் எண்ணெய்க் குப்பியோடு போய் லைன் வால்வின் தண்டில் ஊற்றிவிட்டு வந்தார். மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் குழியின் மூடியைத் தூக்கினார். சாவியை இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சாவி இறுகி நின்றது, முப்பத்தொரு வருஷமாக நிற்கிற அதே இடத்தில்.

வேலை போகும் என்கிற பயம் இல்லை. தண்டு முறிந்துவிட வேண்டும் என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. முறிந்தால் பழைய வால்வுக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். தாமும் தப்பித்துவிடலாம்.

காலை அகற்றி ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் சாவி மேல் போட்டார். 'டக்'கென்று ஒரு சத்தம். போச்சு, முறிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் சாவி கால் சுற்று நகர்ந்திருந்தது. முறிந்தது துரு மட்டும்தான். அஞ்சு. ஆறு. ஏழாவதிலிருந்து வெண்ணெய் மாதிரி சுற்றியது. தரைக்கடியில் ஒரு பெரிய மூச்சு இறங்கிப் போவது காலில் தெரிந்தது. இருபதில் நிறுத்தினார். எண்ணும்போது குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவர் லைனுக்கு வந்து சேர்வதற்குள் அங்கே ஒரே களேபரம். குழாய் இருமவில்லை, அலறியது. முதலில் செங்கல் நிறத்தில் கலங்கலாகக் கொட்டி, பிறகு தெளிந்து, கை கனத்துக்குப் பாய்ந்தது. அத்தனை வருஷம் அழுத்தம் காணாத பழைய இணைப்புகள் இரண்டு இடத்தில் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சியது. ஒருவர் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா முழுக்க நனைந்து நின்றாள்.

"ஏய் நாலு சுத்து! என்னய்யா ஆச்சு, சாவி கைதவறிப் போச்சா? போய் மூடிக் கீடித் தொலைச்சுடாத!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் தன் வீட்டு வாசலுக்குப் போனார்.

மனைவி குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். குடம் நிறைந்து வழிந்து அவள் கால் வரை ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"புதுசா குழாய் போட்டாங்களா?"

"இல்ல."

"அப்போ, அதே வால்வுதானா?"

"அதேதான்."

"தண்டு முறியலையா?"

"முறியல. முறியவே முறியாதாம். நேத்து குழாய்ப் படத்துல பாத்தேன். நீரூத்துக்காக எழுதி வச்ச கணக்கு அது. எனக்குத் தெரியாது... நான் ஒரு நாளாவது திருகிப் பாத்திருக்கணும்."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள்.

"மொத்தம் எத்தனை சுத்து?"

"இருபது."

"இருபதா!" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, விலை கேட்டு அசந்துபோன மாதிரிச் சொன்னாள். "நான் அன்னைக்கு ஒண்ணுதானே கேட்டேன்."

வரிசையின் அந்தக் கோடியில் யாரோ குழந்தையை நேராகக் குழாய்க்கு அடியிலேயே பிடித்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அது கத்திய கத்தல் இங்கே வரை கேட்டது. சட்டைப் பையில் கைபேசி அடித்தது. பொறியாளராகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை.

அவள் குழாயைத் திருகி மூடினாள். நிறைகுடத்தின் பக்கம் வழக்கம்போலக் குனிந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிமிர்ந்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

அவர் குனிந்து குடத்தைத் தூக்கினார். இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. எந்தப் பக்க இடுப்பில் வைப்பது என்று தெரியாமல், வேட்டியெல்லாம் நனைய, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"படி பாத்து" என்றாள்.