அம்மன் வந்துபோன மாசம்

2007ஆம் ஆண்டு. எனக்கு அப்போது வயிற்றில் இரண்டு மாதம். முகத்தில் பொடிப்பொடியாகச் சிவந்தது, காதுக்குப் பின்னால் நெறி கட்டியது, உடம்பு லேசாகச் சுட்டது. பார்த்ததும் என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா. வவுத்துல இருக்கற புள்ளைய பாக்க வந்திருக்கா."

நிலைப்படியில் வேப்பிலை ஏறியது, வீட்டில் தாளிப்பு நின்றது. எல்லாம் அடங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா, "நடுவுல உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கா." அவர் பொய் சொல்லவில்லை. அம்மனை வியாதிக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மகள் பிறந்தாள். ஒரு வயது தாண்டியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. கடலூரில் எங்கள் தெரு ஆளுக்கொரு காரணம் சொன்னது. கிரகணத்தில் வெளியே போனேனாம், சிப்காட் ரசாயன ஆலைக் காற்றாம், யார் கண்ணோ பட்டுவிட்டதாம். வாய்க்கு என்ன வலி? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான். பிள்ளை தூங்கினால்தான் காதைப் பரிசோதிக்க முடியும் என்பார்கள். அவள் தூங்க மாட்டாள், அடுத்த வாரம் வா என்பார்கள். அவளைத் தட்டித் தட்டி நான்தான் பெஞ்சில் தூங்கி விழுவேன். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் அலுத்துப்போயிருந்தேன்.

ஒருவழியாகப் பரிசோதனை முடிந்த அன்று டாக்டர் நேராகவே கேட்டார். "மாசமா இருந்தப்ப உங்களுக்கு அம்மை போட்டுச்சா?"

மாமியார் பெருமையாகத் தலையாட்டினார். அது ருபெல்லா என்கிற அம்மை, தாய்க்கு லேசாக வந்து போய்விடும், வயிற்றுப் பிள்ளையைத்தான் பிடிக்கும், சில பிள்ளைகள் தங்குவதே இல்லை என்றார் டாக்டர். என் மகளுக்கு இரண்டு காதும் கேட்காது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பி.முட்லூர் தாண்டியதும் மாமியார் மெதுவாகக் கேட்டார்.

"அப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருந்தா காது போயிருக்காதா?"

"இல்ல அத்த. வந்தப்பறம் மருந்தே கெடையாதாம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஊசி போட்டிருக்கணுமாம்."

"அப்ப உங்கம்மால்ல போட்டிருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ் கடலூர் போய்ச் சேருவதற்குள் பழி என் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுவாரம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனாரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார் மாமியார். கல்யாணமாகாத பெண் பிரசவ டாக்டரிடம் போனால் தெரு என்ன பேசும் என்று அவள் அழுதாள். "பேசனா பேசட்டும், நடடி" என்றார். யாருக்கு ஊசி என்று நர்ஸ் கேட்டபோது, என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவ அம்மாவுக்குப் போட்டிருக்கணும். யாரும் சொல்லல. இவ அத்தைக்காவது போடுங்கம்மா."

என் மகள் அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.